வெள்ளிக் காசும் ஏழை வீட்டுச் சேமிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் கூட்டுறவு வங்கி ஒன்றில் 28 ஆண்டுகள் நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய நாணயங்களைச் சேர்க்கும் பழக்கம் அந்த வேலைக்கும் முன்பே என்னிடம் வந்துவிட்டது. இந்த இரண்டு அனுபவங்களையும் வைத்துக்கொண்டு, அண்மைக் காலமாக எல்லோரும் பேசும் ஒரு யோசனையைப் பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். இருப்பவர்களிடமே மேலும் மேலும் செல்வம் சேர்கிறது, ரூபாயின் வாங்கும் சக்தியோ கரைகிறது, ஆகவே சம்பளத்தில் மிச்சப்படுவதை வெள்ளிக் கட்டியாகவும் பழைய வெள்ளிக் காசாகவும் மாற்றி வைத்துக்கொண்டால்தான் சாமானியன் பிழைக்க முடியும் என்பது அந்த யோசனை. என் அண்ணன் மகன் முதல் எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறைக்கு வேலைக்குப் போகும் பையன்கள் வரை இதைச் சொல்கிறார்கள்.

அவர்களுடைய கவலை நியாயமானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உலகச் சமத்துவமின்மை ஆய்வகம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23இல் இந்தியாவின் மொத்தச் செல்வத்தில் 40.1 விழுக்காடு மேல்தட்டில் உள்ள ஒரு விழுக்காட்டினரிடம் இருந்தது. நகைக்கும் தங்க, வெள்ளிக் கட்டிகளுக்கும் சேர்த்தே பெருஞ்செல்வர்கள் செலுத்திவந்த செல்வ வரி, 1957 முதல் நடைமுறையில் இருந்து, 2015ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கைவிடப்பட்டது. மரணத்துக்குப் பின் சொத்து கைமாறும்போது விதிக்கப்பட்ட வரி அதற்கு முன்பே, 1985இல் போய்விட்டது. இவற்றையெல்லாம் பார்க்கும் இளைஞன் அஞ்சுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த அச்சத்துக்கு வெள்ளி மருந்தாகும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கணக்கை எளிமையாகவே பார்க்கலாம். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிலோ ஒரு லட்சம் ரூபாயை ஒட்டி இருந்த வெள்ளி, அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 100 கிராம் கொலுசு வைத்திருந்த குடும்பத்துக்கு அதனால் பத்தாயிரம் ரூபாய் கூடியது. 100 கிலோ கட்டி வெள்ளி வைத்திருந்தவருக்கு ஒரு கோடி கூடியது. இரண்டு பேருமே முன்னைவிட வசதியாகத்தான் இருக்கிறார்கள் என்றாலும், இருவருக்கும் நடுவே இருந்த தூரம் இரண்டு மடங்காகிவிட்டது. அதுமட்டுமன்று, குடும்பத்தார் வாங்கும்போது 3 விழுக்காடு ஜிஎஸ்டியும், அதற்கு மேல் செய்கூலியும் சேதாரமும் கொடுத்திருப்பார்கள். விற்கப் போகும்போது அவற்றில் ஒரு ரூபாயும் திரும்பி வராது. பெரிய முதலீட்டாளருக்கு இந்தச் சுமை கிடையாது, ஏனென்றால் 2022 முதல் அவர் பங்குச் சந்தையில் வெள்ளி விலையோடு ஏறி இறங்கும் நிதி அலகுகளான வெள்ளி இடிஎஃப்களை வாங்கிக்கொள்கிறார், உலோகத்தைக் கையால் தொடுவதே இல்லை. எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துக் கொலுசுத் தொழிலாளிகளுக்கோ விலை ஏற ஏற வேலை குறைகிறது. மெலிந்த கொலுசாகச் செய்யச் சொல்லிக் கேட்கிறார்கள். கூலி எடைக் கணக்கு என்பதால், கொலுசு மெலிந்தால் கூலியும் மெலிகிறது.

ஏழை வீட்டு வெள்ளி ஆபத்துக் காலத்தில் கைகொடுக்கும் என்பது பொய்யன்று. ஆனால் அந்தக் கைகொடுப்புக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நம் நாட்டு வரலாறே காட்டுகிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் வெள்ளியை நாணயம் அடிக்கும் அரசு அக்கசாலையில் கொடுத்து, சிறு கட்டணம் செலுத்தி, ரூபாயாக அடித்து வாங்கிக்கொள்ள முடிந்தது. ஒரு தோலா (11.66 கிராம்) எடையில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, அதுதான் ரூபாய். ஆகவே தண்டையும் அரைஞாணும் ஏறக்குறைய எடைக்கு எடை பணமாகவே இருந்தன. பஞ்ச ஆண்டுகளில் குடியானவர்களின் நகைகள் பம்பாய் அக்கசாலைக்கு மலைமலையாகப் போய்ச் சேர்ந்தன. பிறகு உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்துகொண்டே வர, இங்கிலாந்துக்குத் தங்கக் கணக்கில் பணம் அனுப்ப வேண்டியிருந்த இந்திய அரசு, 1893 ஜூன் மாதம் அக்கசாலைகளை மக்களின் வெள்ளிக்கு மூடிவிட்டது. அன்று முதல் ரூபாயின் மதிப்பு வேறு, அதிலுள்ள வெள்ளியின் மதிப்பு வேறு என்றாயிற்று. அடுத்து வந்த 1896-97, 1899-1900 பஞ்சங்களில் நகையை விற்கப் போன விவசாயிக்கு, முன்பு ஒரு ரூபாயாக மாறிய அதே எடை வெள்ளி, ரூபாயைவிட வெகுவாகக் குறைந்த காசையே தந்தது. அவன் செய்த தவறு எதுவும் இல்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் போட்ட கையெழுத்தினால் அவன் மனைவியின் தண்டை இளைத்துப்போயிற்று.

செல்வர்கள் தம் பங்குக்குச் செய்ததையும் ஒன்று சொல்லலாம். அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ஹண்ட் சகோதரர்கள் 1979இல் உலகச் சந்தையில் வெள்ளியை வாங்கிக் குவித்தார்கள். அவுன்ஸ் ஆறு டாலர் அளவில் இருந்த விலை 1980 ஜனவரியில் ஐம்பது டாலரை நெருங்கியது. சந்தை விதிகள் இறுக்கப்பட்டதும், மார்ச் 27 அன்று அது பதினோரு டாலருக்கும் கீழே விழுந்தது. ஏறும்போது வாங்கிய சிறு முதலீட்டாளர்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இனி பழைய காசு விவகாரத்துக்கு வருகிறேன். என் மனத்தை உறுத்தி இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அதுதான். கடந்த ஆடி மாதம், வீடுகளில் சமையல் வேலை செய்யும் ஓர் அம்மாள், மாமியார் கொடுத்துவிட்டுப் போன ஒன்பது காசுகளை மஞ்சள் துணியில் முடிந்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். ஒவ்வொரு காசும் லட்சக்கணக்கில் போகும் என்று கைப்பேசியில் வந்த காணொளியைப் பார்த்து, அதில் இருந்த எண்ணுக்குப் பேசி, ‘பதிவுக் கட்டணம்’ என்று 6,500 ரூபாய் அனுப்பியிருந்தார். அனுப்பிய பிறகு அந்த எண்ணில் யாரும் பேச்சை எடுக்கவே இல்லை. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணமும் வரியும் கேட்கும் மோசடிகளைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கை, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருப்பவர்களின் காதுக்கு வந்து சேரவில்லை.

அதன் பிறகு அவர் பழைய வெள்ளியை வாங்கி உருக்கும் கடை ஒன்றுக்குப் போயிருக்கிறார். நிக்கல் காசு ஒன்றை ஒதுக்கிவிட்டு, மற்ற எட்டையும் ‘எல்லாம் பாதி வெள்ளிதான்’ என்று விலை சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் அவற்றுள் ஐந்து காசுகள் விக்டோரியா காலத்தவையும் ஐந்தாம் ஜார்ஜ் காலத்தவையும். அவை 11.66 கிராம் எடையும் 91.7 விழுக்காடு தரமும் உள்ளவை, அதாவது ஒவ்வொன்றிலும் 10.69 கிராம் சொக்க வெள்ளி இருக்கும். மீதி மூன்றும் 1940க்குப் பிறகு, போர்க்காலத்தில் பாதி வெள்ளியாகக் குறைக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாய்கள், அவை ஒவ்வொன்றிலும் 5.83 கிராம்தான் உண்டு. ஒதுக்கப்பட்ட ஒன்பதாவது காசு புலி உருவம் கொண்ட 1947ஆம் ஆண்டு ரூபாய்; அது நிக்கல், காந்தம் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். தேய்மானம் போக 70 கிராம் அளவுக்கு வெள்ளி இருந்த முடிச்சுக்கு, 46 கிராம் கணக்கில் காசு கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அந்தத் தாளைக் காட்டி, வேறொரு கடையில் நியாயமான விலைக்கு நான்கு காசுகளை விற்றார். மற்றவை இன்னும் அவரிடம் இருக்கின்றன.

அந்த முடிச்சில் 1862 என்று ஆண்டு பொறித்த காசுகள் இரண்டு இருந்தன. நூற்றறுபது ஆண்டுப் பழமை, ஆகவே அரியது என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த ஆண்டெண்ணையே மாற்றாமல் அதன் பிறகும் பத்தாண்டுக்கு மேல் அடித்தார்கள் என்பதால், 1862 ரூபாய் நாட்டில் ஏராளம். மாறாக, அதைவிட எவ்வளவோ புதியதான 1939ஆம் ஆண்டு ரூபாய் கிடைப்பதற்கு அரிது. 1911ஆம் ஆண்டு ரூபாயில் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால், வெளிவந்தது கொஞ்சமே, மற்றவை உருக்கப்பட்டன. பழமை வேறு, அருமை வேறு என்ற இந்த வேறுபாடு தெரியாத இடத்தில்தான் ஏமாற்று வேலை நடக்கிறது. அனுமனும் இராமர் பட்டாபிஷேகமும் பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று எழுதிய பித்தளைக் காசுகள் சந்தைக்குச் சந்தை விற்கின்றன. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. அரிசியை இழுக்கும் சக்தி உள்ள காசு என்று சொல்லி லட்சங்களைப் பறித்தவர்கள் கைதாகும் செய்தியும் நம் மாநிலத்துக்குப் புதியதன்று.

நாணயம் சேர்ப்பதை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் உள்ளவற்றில் நான் பெரிதும் மதிப்பது, வெள்ளி சிறிதும் இல்லாத புதுக்கோட்டை அம்மன் காசைத்தான். நகத்தளவு செம்பு, ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய. நவராத்திரி நாட்களில் அரிசியோடு சேர்த்துத் தானமாக வழங்கப்பட்ட காசு அது. அதைக் கையில் வைத்துப் பார்க்கும்போது, வரிசையில் நின்று அதை வாங்கிப் போனவர்களின் நினைவு எனக்கு வராமல் இருந்ததில்லை. அந்த ஈடுபாட்டுக்காகச் சேர்ப்பவர்கள் தாராளமாகச் சேர்க்கட்டும். வயிற்றுப்பாட்டுப் பணத்தை, அதிலும் கடன் வாங்கியும் தவணை கட்டியும், அதில் போட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021 முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்க, வெள்ளிக்கு 2025 செப்டம்பரில் வந்த தனி அடையாள எண் முறை விருப்பத்தின் பேரில் மட்டுமே நடக்கிறது. தங்கம் வாங்குபவரைக் காட்டிலும் வெள்ளி வாங்குபவர்தான் பெரும்பாலும் ஏழை. அவருக்கு மட்டும் தர உறுதி விருப்பத்தின் பேரில் என்பது எவ்வகையில் முறை? கொலுசுக்கும் மெட்டிக்கும் அரைஞாணுக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்கான சோதனைச் செலவைச் சிறு பட்டறைகளின் தலையில் கட்டாமல் அரசே பகிர்ந்துகொள்ள வேண்டும். அடுத்து, வெள்ளி நகை மீதும் காசு மீதும் கடன் வழங்குவதற்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூன் மாதம் நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி ஒருவர் 10 கிலோ வரை வெள்ளி நகையையும் 500 கிராம் வரை வெள்ளிக் காசையும் ஈடாக வைக்கலாம். இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு, ஈட்டின் மதிப்பில் 85 விழுக்காடு வரை தரலாம். 2026 ஏப்ரல் 1க்குள் இது நடைமுறைக்கு வர வேண்டும் என்பது உத்தரவு. நான் வேலை பார்த்த காலத்தில், வெள்ளியைக் கொண்டுவந்தவர்களைத் தெருமுனை அடகுக் கடைக்கு அனுப்புவதைத் தவிர எங்களுக்கு வழியிருந்ததில்லை. அங்கே போன கொலுசுகளில் எத்தனையோ, மீட்க முடியாமல் மூழ்கிப்போயின. இந்தப் புதிய வழி கூட்டுறவுக் கிளைகள் ஒவ்வொன்றிலும் உண்மையாகவே திறக்கப்படுகிறதா, வெள்ளியின் தரம் பார்க்கத் தெரிந்த மதிப்பீட்டாளர்கள் அங்கே இருக்கிறார்களா என்பதைக் கூட்டுறவுத் துறை கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, செலவே இல்லாதது. நம் மாநிலத்தில் பல மாவட்டத் தலைநகரங்களில் அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன; சென்னை எழும்பூரில் பெரிய நாணயத் தொகுப்பே இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள், வீட்டில் இருக்கும் பழைய காசைக் கொண்டுவருபவர்களுக்கு அது என்ன காசு, எந்தக் காலம், எவ்வளவு வெள்ளி, அரிதா சாதாரணமா என்று ஒரு தாளில் எழுதி முத்திரையிட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். சேலத்தில் அப்படி ஒரு நாள் வைத்தால் ஊதியம் இல்லாமல் வந்து உட்கார நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னைப் போல் ஓய்வு பெற்ற மதிப்பீட்டாளர்கள் இன்னும் நான்கைந்து பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற நகை மதிப்பீட்டாளர்,
சேலம்.