பெரியப்பாவின் நிரையில் ஒரு கட்டம் வெறுமை: கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், புற்றுநோய்க் கிளினிக் நடத்தும் வைத்தியர்களுக்கும்,

வணக்கம். நான் உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். பகலில் உயிரியல் டியூஷன், இரவில் கணனி. எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய புற்றுநோய்த் தரவுகளை வைத்து வரைபு கீறிப் பார்ப்பது சில வருடங்களாக என் பைத்தியம். அதிலிருந்து முளைத்த ஒரு கோரிக்கைதான் இந்த மடல். இயந்திரம் எதுவும் கேட்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

கட்டியில் இருந்து எடுத்த சிறு துண்டில் எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்று அளக்கலாம். அதை ஒரு நிரலில் போட்டு, பக்கத்து நிரலில் அந்த நோயாளி எவ்வளவு காலம் உயிரோடிருந்தார் என்று எழுதினால், எந்த மரபணு கூடும்போது ஆயுள் குறைகிறது என்று தேடலாம். இதைப் பல புற்றுநோய்களுக்குச் சேர்த்தே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய புற்றுநோய் மரபணு அட்லஸ் 33 வகைப் புற்றுநோய்களில் 11,000க்கு மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்தது. 2015இல் ஸ்டான்ஃபோர்ட் குழுவொன்று 39 வகைகளில் ஏறத்தாழ 18,000 கட்டிகளின் தரவைக் கூட்டிப் பார்த்தது. கலப்பிரிவை முடுக்கிவிடும் ஃபாக்ஸ்எம்1 என்ற மரபணு கூடிய இடங்களில் பெரும்பாலும் முடிவு மோசமாக இருந்தது. கேஎல்ஆர்பி1 கூடிய இடங்களில் நோயாளிகள் நெடுநாள் இருந்தார்கள். அது சில நோயெதிர்ப்புக் கலங்களில் வேலை செய்யும் மரபணு; கட்டிக்குள் காவல்காரர் நுழைந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இதைக் கேட்டதும் 'எங்களுக்கும் அந்த மெஷின் வேண்டும்' என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். 2011இல் பெல்ஜியத்தில் சிலர் ஒரு குறும்பு செய்தார்கள். மார்புப் புற்றுநோயின் போக்கைச் சொல்வதாகப் பிரசுரமான மரபணுப் பட்டியல்களை, குருட்டாம்போக்கில் பொறுக்கிய பட்டியல்களோடு மோதவிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவை குருட்டுப் பட்டியலைவிடத் தேறவில்லை. சாப்பிட்ட பின் சிரிப்பதோடு சம்பந்தப்பட்ட மரபணுக்கள்கூட ஆயுளைச் சொல்வதுபோலக் காட்டின! கலப்பிரிவின் வேகம் ஏராளமான மரபணுக்களில் எதிரொலிக்கிறது, அதனால் எதைத் தொட்டாலும் தொடர்பு தெரிகிறது. ஆகவே முதல் நிரலைப் பற்றி எனக்குப் பெரிய மயக்கம் இல்லை.

என் கவலை ஆயுளை எழுதும் மற்ற நிரல். அமெரிக்கர்களே அதில்தான் தடுமாறினார்கள். கட்டிகளை அவ்வளவு நுணுக்கமாக அளந்தவர்கள், 2018இல் திரும்பிப் பார்த்தபோது சில வகைகளில் நோயாளிகளைப் பின்தொடர்ந்த காலம் போதவில்லை என்று கண்டார்கள். தைரொயிட், புரஸ்டேட் போன்றவற்றில் இறப்புகள் மிகக் குறைவு. ஆயுளை வைத்து அங்கே எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்த அட்லஸில் தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 500க்கு மேல். புகைத்தாரா, குடித்தாரா என்று நிரல்கள் உண்டு. வெற்றிலை போட்டாரா என்பதற்கு நிரலே இல்லை. புகையிலை சேராத வெற்றிலை பாக்குகூடப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகவரகம் 2004இலேயே அச்சிட்டுவிட்டது. நம் நாட்டு ஆண்களில் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய்தான். இந்தியர்கள் கன்னம், ஈறு சார்ந்த தங்கள் புற்றுநோயைத் தாங்களே ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். நாம்?

தம்பலகாமத்தில் என் பெரியப்பா பாக்குவெட்டியை மடியில் செருகிக்கொண்டே வயலுக்குப் போவார். கன்னத்தில் புண் வந்தது, பயோப்சி எடுத்தார்கள், தூரத்து வைத்தியசாலை ஒன்றில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இரவு பஸ்ஸில் போய்வர முடியாமல் ஒருநாள் விட்டுவிட்டார். வீட்டிலேயே கண்மூடினார். எட்டு மாதம் கழித்து, கிளினிக்குக்கு வரச் சொல்லி அவர் பெயருக்குக் கடிதம் வந்தது. பெரியம்மா அதைப் படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். அவர்களின் பதிவேட்டில் பெரியப்பா 'வரவில்லை', அவ்வளவுதான்.

எங்கள் கணக்கில் இப்படியானவரை, கடைசியாகக் கண்ட நாள்வரை உயிரோடிருந்தார் என்று எடுத்துக்கொண்டு, காலம் போகப் போக எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று காட்டும் வளைகோட்டில் ஒரு சின்னக் கோடு போட்டு விடுவோம். காணாமல் போனவர்களும் மற்றவர்களைப் போலவே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. நம்மிடம் வராமல் போகிறவர்களில் பலர் இயலாமல் போனவர்கள். ஆகவே நம் தரவில் கீறினால் கோடு உண்மையைவிட உயரத்தில் ஓடும், நோய் சாதுவானது போலத் தெரியும்.

கட்டித் துண்டு பரஃபின் மெழுகுக் கட்டியாக அலுமாரியில் இருந்தால் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்தது என்பதைப் பத்து வருடம் கழித்தும் ஓரளவு அளந்துவிடலாம். ஆனால் ஃபோமலினில் நாட்கணக்கில் ஊறவிட்டால், அப்படி அளக்கத் தேவையான ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு நொறுங்கிவிடும், திருகோணமலை வெயிலில் சாதாரண அறையில் அடுக்கி வைத்தாலும் பழுதுதான். இதை ஆய்வுகூடத்தார் என்னைவிட நன்றாக அறிவார்கள், அவர்களுக்கு ஒரு குளிரூட்டிய அறை கொடுங்கள். பெரியப்பா எப்போது போனார் என்பதை மட்டும் எந்த இயந்திரமும் பின்னால் அளந்து சொல்லாது.

அதனால் கேட்கிறேன்: பயோப்சி எடுத்த ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தொலைபேசி அழைப்பு. எடுக்காவிட்டால் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ குடும்பநல உத்தியோகத்தரோ போகும் வழியில் ஒரு விசாரிப்பு. அவர்களுக்கு ஏற்கெனவே வேலை தலைக்கு மேல் என்று தெரியும். மூதூர், கிண்ணியா, குச்சவெளி என்று வீடு தெரிந்தவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? இருக்கிறாரா, நோய் திரும்பியதா, இறந்திருந்தால் திகதி. அத்தோடு வெற்றிலைக்கு ஒரு கட்டம். முன்கூட்டியே தமிழிலோ சிங்களத்திலோ விளக்கிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், பெயரை ஆய்வுக்குக் கொடுக்காதீர்கள்.

கொப்பியில் எழுதினாலும் போதும். கணனியில் ஏற்ற நான் வருகிறேன், என்னிடம் படித்த பிள்ளைகளும் வருவார்கள். பெரியப்பாவின் மரணச் சான்றிதழ்ப் பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. முதல் நிரைக்கு அதையே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உப்புவெளி டியூஷன் ரீச்சர்