வெறும் துணியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப் பண்டிகைக்கு எங்கள் பகுதியில் நடந்த அரிச்சந்திரா நாடகத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் அரைப் பக்கம் வந்திருந்தது. சந்தோஷம். அதில் ஒரு வரி: ‘வெறும் துணியைக் கட்டி ஆடிவந்த நாடகத்துக்கு எல்இடி திரை புத்துயிர் கொடுத்திருக்கிறது.’

அந்த வெறும் துணியை வரைந்துதான் என் அப்பா எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தார். காடாத் துணிக்குச் சுண்ணாம்பு பூசி, வச்சிரப் பசை காய்ச்சிப் பவுடர் வர்ணத்தில் கலந்து, தர்பார், காடு, தெரு, மயானம் என்று வரைவார். வச்சிரம் கொதிக்கிற நாளில் அந்த நாற்றத்தில் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. நான் பதினாறு வயதில் அந்தத் துணிகளை மேடையில் கயிற்றால் ஏற்றி இறக்கும் சீன்காரனாகப் போனேன். கயிற்றைச் சட்டென்று விட்டால் மூங்கில் தடாலென்று இடித்து, ராஜா நாட்டை இழந்து நிற்கிற நேரத்தில் ஜனம் சிரித்துவிடும். அந்தப் பதம் கைக்கு வரவே இரண்டு வருஷம் ஆயிற்று.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். தங்கள் நிருபர் பத்தரை மணிக்கே கிளம்பிவிட்டார் போலிருக்கிறது. மயான காண்டம் வந்தது விடியற்காலை மூன்று மணிக்கு. சந்திரமதியின் தாலி அரிச்சந்திரன் ஒருவன் கண்ணுக்குத்தான் தெரியும். மயானம் காத்துக்கொண்டு முழத்துண்டும் கால் பணமும் கேட்டு மறிக்கிற அவனுக்கு எதிரே நிற்பவள் தன் மனைவி என்று அதை வைத்துத்தான் புரியும். இது தங்களுக்குத் தெரியாததல்ல. திரையில் அந்தத் தாலி எட்டடி உயரத்துக்குப் பளபளவென்று சுற்றிச் சுற்றி வந்தது. சுண்டல் விற்றவர்கூடப் பார்த்துவிட்டார். திரைக்கு முதுகைக் காட்டி நின்ற அரிச்சந்திரன்தான் பார்க்கவில்லை.

பின்னால் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் முன்னால் நிற்பவர் முகம் இருண்டு போகாதா? இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அரிதாரம் பூசியவர்கள் நிழல்களாக நடமாடினார்கள். போதாததற்குத் திரையில் ஒரு கட்டம் செத்துப்போய், காசி வானத்தில் சதுரமாக ஒரு கறுப்பு ஓட்டை.

பாட்டுக்கு லேப்டாப். அந்தக் காலத்தில் நடிகர் ஒரு விருத்தத்தை இழுத்தால் ஹார்மோனியக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார். அன்றைக்குச் சந்திரமதிக்கு ஒன்ஸ்மோர் கேட்டார்கள், பாவம் அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. காலர் மைக்கை நான் குறை சொல்லவில்லை. மைக் இல்லாமல் ராத்திரியெல்லாம் கத்தித் தொண்டை போனவர்களை எனக்குத் தெரியும். மைக் நடிகருக்கு வேலை செய்கிறது. இந்தத் திரைக்கோ நடிகர் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

தந்திரக் காட்சி கம்ப்யூட்டரோடுதான் வந்தது என்று தங்கள் அலுவலகத்தில் நினைக்கிறார்கள் போலும். மேடைத் தந்திரக் காட்சிகளுக்குப் பேர்போன நாடக நடிகர் ஆர்.எஸ்.மனோகர் என்ற பெயர் அங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? 1925-இல் நாமக்கல்லில் பிறந்தவர். நாமக்கல் 1997 வரை நம் சேலம் மாவட்டம்தான், ஆக நம்மூர்க்காரர். ‘இலங்கேஸ்வரன்’ நாடகத்தில் அவர் மேடையில் காட்டியதையெல்லாம் எந்த லேப்டாப்பை வைத்துக் காட்டினார்?

ஆனால் தங்களுக்குச் சேலம் என்றால் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோதான். ஏற்காடு சாலையில் மிச்சமிருக்கும் அந்த வளைவின் படத்தை எத்தனை தடவைதான் போடுவீர்கள்? அந்தக் காலத்து சினிமாவுக்கு நாடகக் கம்பெனியிலிருந்துதானே ஆள் போனது? அதற்கு ஒரு வரி கிடையாது. நாடகம் போட ஊருக்குள் கட்டுப்படியாகிற வாடகையில் ஓர் அரங்கம் இல்லை என்று இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு கடிதம் எழுதினேன். நாலு வரியாக வெட்டி, ‘கழிப்பறை வசதி தேவை’ என்று தலைப்புப் போட்டீர்கள். அதையும் கத்தரித்து வைத்திருக்கிறேன்.

சரி, பழைய கதை போகட்டும். அந்த அரைப் பக்கத்தில் திரை வாடகைக்கு விட்டவரின் பெயரும் படமும் இருக்கிறது. ராத்திரி முழுக்க ஆடிய பதினோரு பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை. அவர்கள் பெயரையும் ஊரையும் ஒரு மூலையில் சின்ன எழுத்திலாவது போடுங்கள். பெயர்ப் பட்டியலை நானே விசாரித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். இதையாவது வெட்டாமல் போடவும்.

இப்படிக்கு,
வெறும் துணியை ஏற்றி இறக்கிய ஒருவன்,
குகை, சேலம்.