ஏ.இ.டி. கருவி வாங்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் குடியிருப்பின் நுழைவாயிலில் ஓர் ஏ.இ.டி. கருவி வைக்க நலச்சங்கக் குழு முடிவு செய்துள்ளது. திடீரெனத் துடிப்பு தாறுமாறாகி ரத்தத்தை இறைக்க முடியாமல் போகும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி இது. "அது ஆஸ்பத்திரியில் இருந்தால் போதாதா?" என்று குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஓய்வில் இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். அதற்கான மின்தூண்டல் மேலறையில் பிறந்து கீழறைக்கு இறங்குகிறது. பழைய மாரடைப்பின் தழும்பு கீழறைத் தசையில் இருந்தால், மின்தூண்டல் அந்தத் தழும்பையே சுற்றிச்சுற்றி வரக்கூடும். துடிப்பு 150, 200 என எகிறும். வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பரம்பரைக் கோளாறு இருந்தால் இளவயதினருக்கும் வரும். சிலருக்குப் படபடப்போடும் தலைசுற்றலோடும் நிற்கும். முற்றினால் கீழறை வெறுமனே நடுங்கும், நாடி கிடைக்காது, சில நொடிகளில் ஆள் சாய்ந்துவிடுவார். சி.பி.ஆரும் (நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) மின் அதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும் முதல் சில நிமிடங்கள் நம் கையில்தான்.

கருவியை இயக்கினால் அதுவே பேசி வழிகாட்டும். நெஞ்சின் வியர்வையைத் துடைத்து, கருவியின் இரண்டு ஒட்டுகளில் (அதிர்ச்சியை உடலுக்குக் கடத்தும் ஒட்டும் பட்டைகள்) ஒன்றை வலது காறை எலும்புக்குக் கீழும், மற்றதை இடது அக்குளுக்குக் கீழ் விலாவிலும் ஒட்ட வேண்டும். கருவி துடிப்பை அலசி, தேவையென்றால் மட்டுமே அதிர்ச்சிக்கு அனுமதிக்கும். தவறிப்போய் யாருக்காவது ஷாக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கருவி வரும்வரை நெஞ்சின் நடுவே குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். விட்டுவிட்டு வரும் திணறலைப் பார்த்து "மூச்சு இருக்கிறதே" என்று கைகட்டி நிற்பதுதான் ஆபத்து.

கருவி வாங்குவதோடு செலவு முடியாது. ஒட்டுகளுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. ஒருமுறை பயன்படுத்திய ஒட்டை மாற்றியாக வேண்டும். ஆகவே முதல் தொகையோடு, ஆண்டுதோறும் சிறு பங்கும் கேட்கிறோம். இரவுக் காவலர்கள் உட்பட விரும்பும் எல்லோருக்கும் பயிற்சி இதிலேயே அடங்கும். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. இதில் குழு உறுதியாக இருக்கிறது.

தொகை இவ்வளவு என்று கட்டாயமில்லை. பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். விலைப்புள்ளிகள் அறிவிப்புப் பலகையில் உள்ளன. பணம் தர இயலாதவர்கள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாலும் மகிழ்ச்சியே.

இப்படிக்கு,
நலச்சங்கக் குழுவினர்