விநோதச் செய்தி சாயங்காலம்: கை குடுத்த எல்லாருக்கும் நன்றிங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை நம்ம ஊர் கிளை நூலகத்துல வாசகர் வட்டம் சார்பா நடத்துன விநோதச் செய்தி சாயங்காலம் நல்லபடியா முடிஞ்சுது. மைக் புடிச்சுப் பேசுனது நான்ங்கறதால பாராட்டு பூராவும் எனக்கே வந்துக்கிட்டு இருக்கு, ரோட்டுல வண்டிய நிறுத்திக் கூட சொல்றாங்க, சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா அந்த ரெண்டு மணி நேரத்துக்குப் பின்னாடி யார் யார் உழைச்சாங்கன்னு ஊருக்குத் தெரியணும்ங்க, அதுக்குத்தான் இந்த மடல்.

மொதல்ல நம்ம தமிழய்யா. ஐயா வேலையில இருந்த காலத்துல இருந்தே பேப்பர் மூலையில கட்டம் கட்டிப் போடற பெட்டிச் செய்திய எல்லாம் வெட்டி ஒட்டி வெச்சிருக்காருன்னு கேள்விப்பட்டுப் போய்க் கேட்டேன். மறு பேச்சு இல்லாம பீரோவத் தொறந்து அந்த நீட்டு நோட்ட எடுத்துக் குடுத்துட்டாரு. மைதாப் பசை காய்ஞ்சு ஒவ்வொரு பக்கமும் அட்ட மாதிரி வெறப்பா இருக்கு, பொரட்டுனா மொறுமொறுன்னு சத்தம் வருது, ஓரத்துல எல்லாம் பூச்சி அரிச்சிருக்கு, ஆனா ஒரு துண்டு கூட தேதி இல்லாம இல்ல, எல்லாத்துக்கும் கீழ பென்சில்ல எந்தப் பேப்பர், என்ன தேதின்னு சின்ன எழுத்துல எழுதி வெச்சிருக்காரு. இப்படி ஒரு பொக்கிஷத்தத் தூக்கி இன்னொருத்தன் கையில குடுக்கறதுக்கு பெரிய மனசு வேணும்ங்க. ஐயா, ரொம்ப ரொம்ப நன்றி.

அந்த நோட்டுல இருந்துதான் 1995 செப்டம்பர் 21 வந்துச்சு. பிள்ளையார் பால் குடிச்ச நாள். டெல்லியில காலையில கெளம்புன சேதி, நம்ம ஊர்ல செல்போனே இல்லாத அந்தக் காலத்துல, அன்னைக்கே லண்டன் கோயில் வரைக்கும் போயி அங்கயும் ஜனம் டம்ளரும் ஸ்பூனுமா வரிசையில நின்னுருச்சு. மத்திய அரசு விஞ்ஞானிங்க பாலுல கலர் கலந்து ஊட்டிக் காட்டி, பரப்பு இழுவிசையால, அதாவது பாலோட மேல்பரப்பு இழுத்துப் புடிக்கற சக்தியால, பால் ஸ்பூனை விட்டு ஏறி செலை மேல மெல்லிசா வழியுதுன்னு வெளக்குனாங்க. இதைச் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே மூணாவது வரிசையில இருந்த ஒரு ஆத்தா எந்திரிச்சு, நானும் அன்னைக்கு எங்க மாமியாரோட போயி ஊட்டுனேன் சாமி, வீட்டுல காப்பிக்குப் பால் இல்லாமப் போயிருச்சுன்னு மாமனாரு சத்தம் போட்டாருன்னு சொன்னாங்க பாருங்க, கூரையே பேந்துக்கிட்டுப் போற மாதிரி சிரிப்பு. அந்த ஆத்தாவும் சேந்துதான் சிரிச்சாங்க. அவங்க பக்தியும் எடத்த விட்டு அசையல, அறிவியலும் அசையல. ஆத்தா, அந்தக் கதைய சபையில சொன்னதுக்கு உங்களுக்கும் நன்றி.

அடுத்தது காலேஜ் படிக்கற ரெண்டு பாப்பா. இவங்க இல்லைன்னா நிகழ்ச்சியே இல்லைங்க. விநோதச் செய்தின்னு சொன்னாலே வாட்ஸப்புல இருந்து மூட்ட மூட்டயா வந்து விழுது, அதுல முக்காவாசி யாரோ உக்காந்து கற்பனை பண்ணுனது. இந்தப் புள்ளைங்க ஒரு விதி வெச்சாங்க, ரெண்டு நம்பிக்கையான எடத்துல இருந்தாத்தான் செய்தி, இல்லைன்னா எவ்வளவு சிரிப்பா இருந்தாலும் கெடையாதுன்னு. நல்ல நல்ல கதை எல்லாம் அதுல போயிருச்சு, பரவால்ல. நெசமா நடந்தது தர்ற சிரிப்புக்கு ஈடு எதுவும் இல்லைன்னு நான் மனசார நம்புறேன், ஏன்னா உள்ளயே ஒரு ஆச்சரியம் இருக்கு, அட இதக்கூட மனுசன் பண்ணிருக்கானேன்னு.

அப்படித் தேறுனதுல ஒண்ணுதான் அந்தத் திமிங்கிலம். 1970 நவம்பர் 12, அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல ஃப்ளோரன்ஸ்ங்கற ஊர். செத்து ஒதுங்குன எட்டு டன் திமிங்கிலத்த எப்படி அப்புறப்படுத்தறதுன்னு ரோடு போடற டிபார்ட்மென்ட்டுல யோசிச்சு, அரை டன் டைனமைட் வெச்சாங்க. தூள் தூளாப் போயிரும், மிச்சத்த கடல் காக்கா தின்னுரும்னு திட்டம். வெடிச்சதும் கறித்துண்டு வானத்துல இருந்து மழையாக் கொட்டுது, வேடிக்கை பாக்க வந்த ஜனம் தலை தெறிக்க ஓடுது, கால் மைலுக்கு அந்தாண்ட நிறுத்தியிருந்த ஒரு காரு மேல பெரிய துண்டு விழுந்து கூரை நசுங்கிப் போச்சு. யாருக்கும் பெரிய அடி இல்ல. காக்காயெல்லாம் சத்தத்துல பறந்துருச்சு, திமிங்கிலத்துல பெரும்பகுதி அங்கயே கெடக்குது. இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது, அம்பது வருசம் கழிச்சு 2020ல அந்த ஊர்க்காரங்களே ஒரு பார்க்குக்கு வெடிச்ச திமிங்கிலம் ஞாபகார்த்தப் பூங்கான்னு பேர் வெச்சதுதான். டிவிக்காரங்க அன்னைக்கே படம் புடிச்சது இன்னும் இருக்கு, பாப்பாங்க அதைத் தேடி எடுத்து புரொஜெக்டர்ல ஓட்டுனாங்க. குட்டீஸ் எல்லாம் திரும்பப் போடு திரும்பப் போடுன்னு ஒரே ரகளை.

கணக்கு வாத்தியார் ஐயாவுக்குத் தனியா நன்றி சொல்லணும். இக் நோபல் பரிசு பத்திப் பேசலாம்னு முடிவு பண்ணுனோம். நோபல் பரிசக் கேலி பண்ற மாதிரி விநோதமான வேலைங்களுக்கு 1991ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச பரிசு, மொதல்ல சிரிக்க வைக்கணும், அப்புறம் யோசிக்க வைக்கணும், அதுதான் தகுதி. 2002ல கணக்குக்கான இக் நோபல் நம்ம பக்கத்து வீடு கேரளாவுக்குத்தான் வந்துச்சு, கேரள வேளாண் பல்கலைக்கழகத்து ஸ்ரீகுமாரும் நிர்மலனும் இந்திய யானையோட மொத்தத் தோல் பரப்பளவ எப்படிக் கணக்குப் போடறதுன்னு ஆராய்ச்சி பண்ணுனதுக்கு. யானைக்கு எதுக்கய்யா பரப்பளவு, பெயின்ட் அடிக்கவான்னு சபையில கேட்டாங்க. வாத்தியார் எந்திரிச்சாரு. ஒடம்புச் சூடு தோல் வழியாத்தான் வெளிய போகணும், அத்தனை பெரிய ஒடம்பு வெயில்ல எப்படித் தாக்குப் புடிக்குதுன்னு தெரியணும்னா தோல் எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சாகணும், முழு யானையையும் யாரு டேப் வெச்சு அளக்கறது, அதனால உயரத்தையும் முன்னங்கால் பாதத்தோட சுத்தளவையும் வெச்சே கண்டுபுடிக்க வழி சொன்னாங்கன்னு வெளக்குனாரு.

அதோட விடல மனுசன். பையில இருந்து கயித்த எடுத்து, ஒண்ணு புள்ளி மூணு மீட்டர் அளந்து வெட்டி, நாலு பசங்களக் கூப்பிட்டு தரையில வட்டமா வைக்கச் சொன்னாரு. இதுதான் ஒரு யானையோட முன்னங்கால் பாதம்னாரு. அதுக்குள்ள ஒரு பொடியன் போயி சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டான். அப்புறம் அதே கயித்த செவுத்துல தரையில இருந்து மேல ஒரு தடவ புடிச்சு சாக்பீஸ்ல கோடு, அதுக்கு மேல இன்னொரு தடவ புடிச்சு கோடு. ரெண்டாவது கோட்டுக்கு ஸ்டூல் போட்டு ஏற வேண்டியதாப் போச்சு. நம்ம ஆசிய யானைக்கு பாதச் சுத்தளவப் போல ரெண்டு மடங்குதான் ஏறக்குறைய தோள் உயரம், மண்ணுல பதிஞ்ச தடத்தப் பாத்தே யானை எவ்வளவு உயரம்னு காட்டுக்காரங்க சொல்றது இப்படித்தான்னாரு. ஹால்ல ஒருத்தர் மூச்சு விடல. சத்தியமங்கலம் பக்கம் பஸ்ஸுல போறப்ப யானையப் பாக்காதவங்க நம்மள்ல யாரு, ஆனா இதை எத்தனை பேர் யோசிச்சோம். அந்தக் கோடு இன்னும் செவுத்துல இருக்கு, நூலகர் மேடம் அழிக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

இப்ப ஈமு விசயத்துக்கு வர்றேன், இதுக்குத்தான் நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன். 1932ல மேற்கு ஆஸ்திரேலியாவுல கேம்பியன் வட்டாரத்துல 20,000 ஈமு வந்து கோதுமைக் காட்ட மேஞ்சிருச்சு. வெவசாயிங்க கேட்டதுக்கு அரசாங்கம் மேஜர் மெரடித்னு ஒருத்தரை ரெண்டு லூயிஸ் மெஷின் கன்னோட, 10,000 குண்டோட அனுப்புச்சு. ஒரு நாள் ஆயிரம் ஈமு பக்கத்துல வர்ற வரைக்கும் பதுங்கி இருந்து சுட்டா, பத்துப் பன்னெண்டு விழுந்ததுமே துப்பாக்கி சிக்கிக்கிச்சு. லாரி மேல கன்ன மாட்டித் தொரத்துனா, ஈமு வேகத்துக்கு லாரியால ஓட முடியல, மேடு பள்ளத்துல குலுங்குன குலுங்கல்ல சுடவும் முடியல. பாதியில திரும்பக் கூப்பிட்டு, மறுபடி அனுப்பி, டிசம்பர்ல முடிச்சாங்க. 9,860 குண்டுக்கு 986 ஈமுன்னு மேஜர் கணக்குக் குடுத்தாரு.

இதைச் சொல்லி எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிச்சுக்கிட்டு இருக்கறப்ப, பின்னாடி வரிசையில ஒரு அண்ணன் எந்திரிச்சாரு. நானும் ஈமுவுல தோத்தவன்தாங்கன்னு சொன்னாரு. சிரிப்பு கப்புனு நின்னுருச்சு. பணம் கட்டி ஈமு வளத்தா மாசாமாசம் காசு தர்றோம்னு சொன்ன ஈமுப் பண்ணைக் கம்பெனிங்க 2012ல பெருந்துறைப் பக்கம் சாஞ்சது நம்ம கொங்குல யாருக்குத்தான் தெரியாது, நகைய வெச்சுப் பணம் கட்டுன குடும்பம் எத்தனை, அரசாங்கமே வந்து தீவனம் போட வேண்டிய நெலம வந்துச்சே. அவரு எந்தக் கம்பெனிப் பேரையும் எடுக்கல, யாரையும் திட்டவும் இல்ல. பணம் போனது போச்சுங்க, ஆனா அந்த ஜீவன் மேல தப்பு இல்ல, கம்பெனி ஆளுங்க வராமப் போன பிறகு எங்க வீட்டம்மா ரேசன் அரிசி போட்டு வளத்தாங்க, கதவத் தொறந்தா ரோட்டு வரைக்கும் அவங்க பின்னாடியே வரும்னு சொல்லிட்டு, மேஜர் பாவம், எங்க வீட்டம்மாவக் கூப்பிட்டிருந்தா ஒரு முறம் அரிசியில வேலைய முடிச்சிருப்பாங்கன்னு முடிச்சாரு. அந்தக் கைதட்டல் பூராவும் அவருக்குச் சொந்தம். அண்ணே, அவ்வளவு பட்டதுக்கு அப்புறமும் அதை எங்களோட சிரிச்சுப் பகிர்ந்துக்கிட்டீங்களே, உங்களுக்கும் அக்காவுக்கும் கைகூப்பி நன்றி.

ரிட்டையர்டு வி.ஏ.ஓ. ஐயாவ விட்டா இந்த மடல் முழுசாகாது. உத்தரப் பிரதேசம் ஆசம்கர் பக்கத்து லால் பிஹாரி கதைய நான் சொன்னேன். 1970கள்ல லோன் கேட்டுப் போனவருக்கு நீங்க செத்துப்போயிட்டீங்கன்னு ரெக்கார்டு சொல்லுது. சித்தப்பா காசு குடுத்து அவரைச் செத்ததா எழுத வெச்சு நெலத்த மாத்திக்கிட்டாரு. உயிரோட இருக்கேன்னு நிரூபிக்க மனுசன் என்னெல்லாம் பண்ணுனாரு தெரியுங்களா, சம்சாரத்துக்கு விதவை உதவித்தொகை கேட்டு மனு போட்டாரு, பேருக்குப் பின்னாடி இறந்தவர்னு சேத்துக்கிட்டாரு, 1989ல அமேதியில ராஜீவ் காந்திய எதிர்த்தே தேர்தல்ல நின்னாரு, இறந்தவங்க சங்கம்னு ஒண்ணே ஆரம்பிச்சாரு. 1994லதான் ரெக்கார்டுல உயிர் வந்துச்சு. 2003ல சமாதானத்துக்கான இக் நோபல் குடுத்தாங்க. இது சிரிக்கற மாதிரி இருந்தாலும் உள்ள என்ன நடக்குதுன்னு வி.ஏ.ஓ. ஐயா பொறுமையா எடுத்துச் சொன்னாரு, வாரிசுச் சான்று எப்படிப் போகுது, பட்டா மாறுதல்ல யார் யார் கையெழுத்து வேணும், அப்பப்ப பட்டா சிட்டாவ எடுத்துப் பாத்துக்கங்கன்னு. நிகழ்ச்சி முடிஞ்சும் அவரைச் சுத்தி ஒரு கூட்டம் விடவே இல்ல, டீ ஆறிப் போற வரைக்கும் நின்னு பதில் சொன்னாரு பாவம்.

எங்க வீட்டம்மாவுக்கு நன்றி சொன்னா வீட்டுக்குள்ள சொல்லிக்க வேண்டியதுதானேம்பாங்க, இருந்தாலும் சபையில சொல்றேன். 2016 பிப்ரவரியில நாட்றம்பள்ளி காலேஜ்ல வெடிச்சது விண்கல்லுன்னு அரசாங்கம் சொல்லி, நாசா விஞ்ஞானிங்க அப்படித் தெரியலன்னு சொன்னது ஞாபகம் இருக்கும். பட்டியல்ல அதுவும் இருந்துச்சு. அங்க ஒரு டிரைவர் உசுரு போயிருக்கு, அவரு புள்ளைங்க எங்கயாச்சும் இருக்கும், இதுல சிரிக்க என்ன இருக்குன்னு ஒரே வார்த்தையில வெட்டுனாங்க. ஒவ்வொரு செய்தியையும் அந்தக் கண்ணோட வாசிச்சாங்க, அதனாலதான் அன்னைக்கு வந்த யாரும் மனசு நொந்து போகல.

அப்புறம் ஜப்பான்ல கிஷி ஸ்டேஷனுக்கு 2007ல ஸ்டேஷன் மாஸ்டராப் போட்ட டாமா பூனைய, தொப்பியோட அழகா வரைஞ்சு வாசல்ல ஒட்டுன அஞ்சாங் கிளாஸ் பாப்பாவுக்கு முத்தம். சேர் குடுத்த கல்யாண மண்டபத்து அண்ணன், மைக் செட் தம்பி, நடுவுல கரண்ட் போனப்ப செல்போன் லைட்ட அடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த மொத வரிசை, சுக்குக் காப்பியும் முறுக்கும் காசு வாங்காமக் குடுத்த பேக்கரிக்காரங்க, எல்லாருக்கும் நன்றிங்க. ஞாயித்துக்கிழமையும் வந்து கதவத் தொறந்து, கடைசி ஆளு போற வரைக்கும் இருந்து, பசங்க கிட்ட மெம்பர் கார்டு ஃபாரத்தையும் நீட்டுன நூலகர் மேடத்துக்கு எத்தனை சொன்னாலும் பத்தாது.

தமிழய்யா நோட்ட பாப்பாங்க ரெண்டு பேரும் ஸ்கேன் பண்ணிக்கிட்டு இருக்காங்க, முடிஞ்சதும் ஒரு பிரதி நூலகத்துல இருக்கும், வந்து பாருங்க. உங்க வீட்டுலயும் பழைய துண்டு இருந்துச்சுன்னா பேப்பர் பேரும் தேதியும் குறிச்சு மேடம் கிட்டக் குடுங்க, பத்திரமாத் திருப்பித் தர்றது என் பொறுப்பு.

அன்போட,
வாசகர் வட்டத்துல இருந்து