துளி மூழ்கியதற்கு நன்றி

எங்கள் தெரு மண்டபத்தில் அக்டோபர் 1ஆம் தேதி ரத்ததான முகாம் நடத்திய எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். 41 வயதில் அன்றுதான் முதல் தடவையாக ரத்தம் கொடுத்தேன்.

ஆனால் என் நன்றியை ஜூன் 14இல் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அன்றும் இதே மண்டபத்தில் முகாம். வாசல் பேனரில் மீசை வைத்த ஒரு வெளிநாட்டுக்காரர். ரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னராம், அது அவருடைய பிறந்த நாளாம். மகள் படித்துச் சொன்னாள். உள்ளே லேப் தம்பி என் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை நீல நிற மயில்துத்தக் கரைசலில் விட்டார். சொட்டு மூழ்காமல் மிதந்தது. மெஷினிலும் பார்த்தார். ஹீமோகுளோபின் 11.2. குறைந்தது 12.5 இருக்க வேண்டுமாம்.

"இன்னைக்கு வேண்டாங்க்கா, முதல்ல உங்க உடம்பைப் பாருங்க" என்றார். அரை நாள் பெர்மிஷன் போட்டு வந்தவளுக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன். தம்பி, இப்போது சொல்கிறேன். தலைசுற்றலையும் மூச்சு வாங்குவதையும் வயசு என்று நினைத்து இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, அதை விழுங்கும் நேரத்தில் டீ குடிக்கக் கூடாது என்றார். பனியன் கம்பெனியில் டீயைத் தள்ளி வைப்பது லேசா? பதினோரு மணிக்கு மாத்திரை போடுவேன் என்று தெரிந்துகொண்ட டீ அண்ணன், அந்த நடையில் மட்டும் என் டேபிளைத் தாண்டிப் போய்விடுவார். அவருக்கும் நன்றி. நாலு மணிக்கு மறக்காமல் கொண்டுவந்ததற்கும்.

நான் ரத்தம் கொடுப்பதில் அத்தைக்குச் சம்மதமே இல்லை. "மாசாமாசம் போறது பத்தாதா?" என்றார். ஆனாலும் நான் விடமாட்டேன் என்று தெரிந்ததும் முருங்கைக்கீரை அடை, கேப்பைக் களி, பேரீச்சம்பழம் என்று ஆரம்பித்துவிட்டார். அளவு ஏறியது மாத்திரையால் என்கிறார் டாக்டரம்மா, கீரையால் என்கிறார் அத்தை. இருவரிடமும் தலையாட்டி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 1. அதே மயில்துத்தம், அதே தம்பி. சொட்டு விழுந்த வேகத்தில் அடியில் போய் உட்கார்ந்தது. நான் கைதட்டியதைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

எடை 51 கிலோ என்பதால் 350 மில்லி எடுத்தார்கள். ஊசி குத்தும்போது மகளைப் பற்றிக் கேட்டுப் பேச்சுக் கொடுத்தீர்களே சிஸ்டர், அது வேண்டுமென்றே செய்தது என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு, பக்கத்தில் பை மெதுவாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறையாமல் இருக்க அதில் மருந்து இருக்கிறது, அதோடு கலக்கத்தான் ஆட்டுகிறோம் என்றீர்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எழுந்ததும் கண் இருட்டியது. அவசரப்பட்டது என் தப்புதான். பெயர் தெரியாத அந்தக் காலேஜ் பையன் பதறாமல் என்னைப் படுக்க வைத்து, காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்து, பிஸ்கட்டையும் மாம்பழ ஜூஸையும் முடிக்கும்வரை நகரவில்லை. நல்லா இருப்பா.

என் மகளுக்கு 17 வயது. 18 ஆகட்டும் என்று அவளையும் திருப்பி அனுப்பினீர்கள். அதற்கும் சேர்த்து நன்றி.

பெண்கள் 120 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம் என்றீர்கள். எண்ணிப் பார்த்தால் ஜனவரி 29 வருகிறது. புதுக் காலண்டர் இன்னும் வரவில்லை. அதனால் மகள் பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள். அத்தை தினமும் அதைப் பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை. நேற்று ராத்திரியும் முருங்கைக்கீரைதான்.