சுகமானதும் குளிசையை விடவேண்டாம்

ஆசிரியருக்கு,

சுன்னாகத்தில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். "இப்ப சுகம் தங்கச்சி, இனி ஏன் மனச்சோர்வுக் குளிசை?" என்று பலர் கேட்கிறார்கள். சேட்ரலின், புளுஒக்சற்றின் போன்ற இந்தக் குளிசைகள் நன்றாக வேலைசெய்யவே சில வாரங்கள் ஆகும். சுகமான பிறகும் பொதுவாக 6 மாதமாவது தொடரவேண்டும். சடுதியாக விட்டால் தலைச்சுற்று, நித்திரையின்மை, மண்டைக்குள் கரண்ட் அடிப்பதுபோன்ற உணர்வு வரலாம். டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

எனக்குப் பெரிய கவலை, வெட்கப்பட்டு மறைப்பதுதான். மூட்டுவலிக்கு டைக்குளோபினாக் வாங்கும்போது இந்தக் குளிசை எடுப்பதைத் தயவுசெய்து சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம். ட்ரமடோல் என்ற வலிக்குளிசையும் இதோடு சேர்ந்தால் ஆபத்து.

இந்தக் குளிசை தொடங்கும் 25 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை முதல் வாரங்களில் வீட்டார் பக்கத்திலிருந்து கவனியுங்கள். சாகும் எண்ணம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பேச ஆள் தேவையென்றால் மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926க்கு இரவிலும் எடுக்கலாம்.

பாமசி ஊழியை,
சுன்னாகம்