அத்தையின் கன்னத்தில் விழுந்த கோடு

திண்டுக்கல்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பத்தாம் வகுப்பு. பயம் முழுக்க எனக்குத்தான். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன், எப்படியும் பொய்தான் சொல்வாய்.

நான்கு மாதமாக நீ போன் பண்ணும்போதெல்லாம் ஒன்றைச் சொல்ல வாயெடுக்கிறேன். நீ, நாம் 'பன்னீர் சோடா' என்று கேலி பண்ணும் அந்த பிரிண்டிங் கடைக்காரன் கதையை ஆரம்பித்துவிடுகிறாய், நானும் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதவே உட்கார்ந்தேன். சித்திரையில் அத்தையின் வருஷத் திதிக்கு 150 நினைவஞ்சலிக் கார்டு அனுப்பினேன் அல்லவா? "அம்மா மூக்குத்திகூட மின்னுதுடா, உன் மெஷின் மெஷின்தான்" என்று சொன்னாய். மாப்ளே, அந்தக் கார்டு என் கலர் லேசர் மெஷினில் ஓடியது இல்லை.

அட்டை போட்டு முதல் ஷீட்டை விட்டேன். அத்தை சிரித்தபடி வெளியே வந்தார். இடது கண்ணுக்குக் கீழே ஆரம்பித்து, கன்னம் வழியாகத் தாடை வரைக்கும் மயிரிழை மாதிரி ஒரு மெஜந்தா கோடு. வேறு யார் முகமாக இருந்தாலும் ரப்பர் வைத்து அழித்துப் பார்த்திருப்பேன், உனக்குத் தெரியாதா. அன்றைக்கு அந்த ஷீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன்.

உடனே சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். வந்தார், பார்த்தார், "டோனர் டூப்ளிகேட் அண்ணே" என்றார். ஒரிஜினல் கலர்ப் பொடி வாங்கிப் போட்டேன். கோடு அப்படியே இருந்தது. மறுபடி வந்து, பொடியைச் சூடாக்கித் தாளில் ஒட்டவைக்கிற ஃபியூசரில் கை வைத்தார். அதையும் மாற்றினோம். கோடு முன்னைவிடப் பளிச்சென்று வந்தது. எனக்குப் பதினெட்டாயிரம் போனது, அவருக்கு மூன்று டீ.

நடுவில் என் அறிவுக்கு எட்டிய வைத்தியம் ஒன்றும் செய்தேன். வீட்டில் இருந்த வேக்குவம் கிளீனரைக் கொண்டுவந்து உள்ளே விட்டு உறிஞ்சினேன். முன்பக்கம் உறிஞ்சியது எல்லாம் பின்பக்கமாகப் புகைபோல வந்தது. டோனர் அவ்வளவு நைஸ் பொடி, வீட்டு மெஷினின் ஃபில்டரில் நிற்காது. கடை முழுக்க மஞ்சத்தண்ணி விளையாடிய மாதிரி ஆகிவிட்டது, நிறம் மட்டும் ரோஸ். சட்டையைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டாள் உன் தங்கச்சி. டோனர் சூட்டில் இளகி ஒட்டுகிற பிளாஸ்டிக் என்று அவளுக்கு யார் சொல்வது? பச்சைத் தண்ணீரில் உதறியிருந்தால் போயிருக்கும். நீ தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த சட்டைதான் அது.

அதற்குள் திதிக்கு நான்கு நாள்தான் இருந்தது. பென் டிரைவை எடுத்துக்கொண்டு பன்னீர் சோடா கடைக்கே போனேன். ஆமாம், அவனிடம்தான். சிரிக்காதே, மீதியைப் படி.

ஃபைலைத் திறந்ததும் அவன் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை நக்கல் இல்லை. அவனே எழுந்துபோய் நல்ல மேட் போர்டு எடுத்துவந்தான், இரண்டு ஷீட் ஓட்டி நிறம் சரிபார்த்தான், பிறகு 150-ஐயும் ஓட்டி, அவனே கட்டிங் போட்டுக் கொடுத்தான். பணம் எடுத்தேன். "பாலிடெக்னிக் படிச்ச மூணு வருஷமும் அவங்க வீட்டுலதான்டா எனக்கு மத்தியானச் சாப்பாடு" என்றான். நாம் அவனை எத்தனை வருஷம் ஓட்டியிருப்போம் மாப்ளே? அவன் அங்கே சாப்பிட்டது உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

சரி, கோட்டுக்கு வருகிறேன். திதி முடிந்தது, வைகாசி முகூர்த்தம் வந்துவிட்டது. அதற்குள் நான் ஒரு கள்ளத்தனம் பழகிவிட்டேன். கோடு எப்போதும் வலது ஓரத்திலிருந்து 11 செ.மீ. தள்ளித்தான் விழும், இம்மி பிசகாது. அந்த இடம் கட்டிங்கில் போகிற மாதிரி லேஅவுட்டைத் தள்ளிவைத்து, மூன்று மாதம் கல்யாணப் பத்திரிகையாக அடித்துத் தள்ளினேன். ஷீட்டுக்குக் கால்வாசி அட்டை வீண். வாடிக்கையாளருக்குக் கோடு தெரியாது. எனக்குக் கண்ணை மூடினாலும் தெரிந்தது.

ஜூனில் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். பாலிடெக்னிக் முடித்தவள், வேடசந்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். முதல் வாரமே அவளைத் திட்டினேன், அட்டையைத் தப்பாகப் போட்டுக் கோட்டைப் பெரிதாக்கிவிட்டாள் என்று. அவள் பதில் பேசவில்லை. போன வாரம், "அண்ணா, ஒண்ணுமே இல்லாத வெள்ளைப் பக்கத்தைக் கலரில் விட்டுப் பார்க்கலாமா?" என்றாள்.

விட்டோம். வெள்ளைத் தாளிலும் கோடு. கறுப்பு மட்டும் என்று மாற்றி விட்டால் கோடு இல்லை. அடுத்து, ஒரு ஷீட் ஓடும்போது பாதியில் முன்கதவைத் திறந்துவிட்டாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. உள்ளே டிரான்ஸ்ஃபர் பெல்ட்டின் மேல், இன்னும் தாளுக்கே போகாத பொடியில், அந்தக் கோடு ஈரக் குங்குமம் மாதிரி கிடந்தது. தாள் ஃபியூசருக்குப் போவதற்கு முன்பே கோடு பிறந்துவிட்டது என்றால் நான் ஃபியூசருக்குக் கொடுத்த காசு? "போகட்டும் அண்ணா" என்றாள்.

டோனர் முதலில் ஒட்டுகிற உருளைதான் டிரம். இந்த மாடலில் மஞ்சள், மெஜந்தா, சயான் என்கிற நீலம் மூன்றுக்கும் ஆளுக்கொன்றாக ஒரே மாதிரி டிரம் யூனிட், கறுப்புக்கு மட்டும் வேறு மாதிரி. கடை லைட்டை அணைத்து, ஷட்டரைப் பாதி இறக்கி, டிரம்மில் வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு மெஜந்தா டிரம்மையும் சயான் டிரம்மையும் இடம் மாற்றினோம். முதல் சில ஷீட் நிறம் கலந்து கண்றாவியாக வந்தது. அப்புறம் தெளிந்தது. அதே 11 செ.மீ., அதே கோடு, ஆனால் நீலம்! எதிரே இளநீர்க் கடைக்காரர் எட்டிப்பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன். டோனரும் இல்லை, ஃபியூசரும் இல்லை, டிரம்தான்.

டார்ச் அடித்துப் பார்த்தாள். பழைய டோனரை வழித்தெடுக்கும் ரப்பர் பிளேடின் விளிம்பில் கடுகில் பாதி அளவு ஒரு வெட்டு. அந்த வெட்டு வழியாகத் தப்பிய பொடி, அதற்கு நேராகச் சார்ஜ் ரோலரில் மோதிரம் மாதிரி வளையமாகப் படிந்திருக்கிறது. அந்த ரோலர்தான் டிரம் முழுக்க மின்சாரம் ஏற்றுவது. லேசர் பட்ட இடத்தில் அது இறங்கிவிடும், இறங்கிய இடத்தில்தான் டோனர் ஒட்டும். வளையத்துக்கு நேரே மின்சாரமே ஏறவில்லை. லேசர் அங்கே ஏற்கெனவே எழுதிவிட்டது என்று நினைத்துக்கொண்டு டோனர் போய் ஒட்டிக்கொள்கிறது. வெள்ளைத் தாளிலும் கோடு வந்தது அதனால்தான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, மின்சாரமும் பொடியும் வைத்து நகல் எடுக்கும் இந்த வித்தையைக் கண்டுபிடித்தவரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். செஸ்டர் கார்ல்சன். 1938 அக்டோபர் 22, நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு வாடகை அறை. கந்தகம் பூசிய துத்தநாகத் தகடு. அதில் மின்சாரம் ஏற்ற அவர் செய்தது என்ன தெரியுமா? பருத்திக் கைக்குட்டையால் தேய்த்தார், அவ்வளவுதான். தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடியை மேலே வைத்து விளக்கு காட்டி, பொடி தூவி ஊதி, மெழுகுத்தாளில் ஒற்றியெடுத்தார். அந்தக் கைக்குட்டையின் வேலையைத்தான் என் மெஷினில் ரோலர் செய்கிறது. எனக்குச் சிக்கல் வந்ததும் அந்தக் கைக்குட்டையில்தான்.

பிளேடு ஏன் வெட்டுப்பட்டது என்று கேட்பாய். டிரம் ஆயுள் முடிந்தது என்று மெஷின் போன வருஷமே மெசேஜ் கொடுத்தது. நான் அதை எண்ணுகிற சிப்பை ரீசெட் பண்ணி ஓட்டிக்கொண்டிருந்தேன். "கஞ்சத்தனத்துக்கும் ஒரு கவுண்டர் இருக்குடா" என்று நீ அந்தக் காலத்திலேயே கத்துவாய். போதும், இதை நீ இன்னும் பத்து வருஷம் சொல்லிக் காட்டு.

புது டிரம் போட்டாயிற்று. அந்தப் பெண்ணிடம் அன்றைக்குத் திட்டியது தப்பு என்று சொன்னேன். "தெரியும் அண்ணா" என்றாள். என்ன தெரியும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஐந்நூறு ரூபாய் சம்பளம் கூட்டியிருக்கிறேன். குறைச்சல்தான், ஆடி வியாபாரம் அப்படி.

இதோடு ஒரே ஒரு கார்டு வைத்திருக்கிறேன். இது என் மெஷினில் ஓடியது. பன்னீர் சோடா அடித்ததைப் பக்கத்தில் வைத்துப் பார். அவனுடையதில் நெற்றிப் பொட்டு கொஞ்சம் கறுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, அவனிடம் சொல்லிவிடாதே. மூக்குத்தி மின்னுகிறதா என்று மட்டும் எழுது.

உன்,
பழைய பார்ட்னர்

பி.கு.: திருப்பூரில் அதே சட்டை கிடைத்தால் ஒன்று எடுத்து அனுப்பு. 42 சைஸ். 40 இப்போது ஏறுவதில்லை.